கைப்பேசியில் வரும் மனையும் கடைக்காரர் வாக்கும்

சங்கரன்கோவிலில் மனை வாங்குவதும் விற்பதும் ஒரு காலத்தில் கடைப் பெஞ்சில் நடந்த காரியம். காலையில் கடை திறந்து சாம்பிராணி போட்டுக் கல்லாவில் உட்கார்ந்தால், பத்து மணி வாக்கில் தரகர் வந்து சேருவார். ஒரு டீயைக் குடித்துவிட்டு, "அண்ணாச்சி, ராஜபாளையம் ரோட்டுல ஒரு இடம் வருது. பார்ட்டிக்குப் பிள்ளைக் கல்யாணம், அவசரம்" என்று மெதுவாக ஆரம்பிப்பார். கடைக்காரருக்கு இடத்துக்காரரையும் தெரியும், அவருடைய அப்பாவையும் தெரியும். சாயங்காலம் சைக்கிளில் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்தது. சென்னையிலும் மும்பையிலும் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் பக்கத்துக்காரர்கள் ஆடித்தபசுக்கு ஊர் வரும்போது இரண்டு இடம் பார்த்து, ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ரயில் ஏறுவார்கள்.

இன்றைக்கு அந்தப் பெஞ்சு கைப்பேசிக்குள் போய்விட்டது. காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் மொத்த வியாபாரி அனுப்பிய பருப்பு விலைக்கு முன்னால் மனை விளம்பரம் வந்து நிற்கிறது. பச்சைப் புல்வெளி, வளைவு வாசல், தார் ரோடு, மேலே பறந்து எடுத்த படம். "இன்னும் சில மனைகளே உள்ளன", "இன்றே முன்பதிவு செய்யுங்கள்" என்ற வாசகங்கள். நம்மில் பலர் அதைப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுகிறோம். சிலர் வாங்குகிறோம். இன்னும் சிலர், தெரிந்தவர் கேட்டுக்கொண்டார் என்பதற்காகவோ, கமிஷன் கிடைக்கும் என்பதற்காகவோ அதை நம் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவைக்கிறோம்.

இந்த மூன்றாவது காரியத்தைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டியிருக்கிறது. மனை முகவர்கள் இணையத்தில் விளம்பரம் செய்வது தவறல்ல. அது அவர்கள் தொழில். அதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு. ஆனால் அந்த விளம்பரம் நம் கடையின் பெயரைத் தாங்கிப் போகும்போது, நாற்பது வருஷமாகச் சேர்த்த வாக்கு அதோடு சேர்ந்து போகிறது.

இணைய விளம்பரம் நடக்கும் விதம்

முன்பு மனை விற்பவர்கள் செய்தித்தாளுக்குள் துண்டுப் பிரசுரம் வைப்பார்கள். சினிமாக் கொட்டகையில் சிலைடு போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து ஆட்களை அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டு மனை காட்டுவார்கள். இன்று இதே வேலை நான்கு வழிகளில் நடக்கிறது.

முதலாவது, வீடு மனைகளுக்கென்றே உள்ள இணையதளங்கள். 2005ஆம் ஆண்டில் 99ஏக்கர்ஸ், 2006இல் மேஜிக்பிரிக்ஸ், 2012இல் ஹவுசிங், 2014இல் தரகர் இல்லாமலே வாடகை வீடு பிடித்துத் தருவதாகத் தொடங்கிய நோபுரோக்கர் என்று வரிசையாக வந்தன. இவை மனைகளைச் சொந்தமாக வைத்து விற்பவை அல்ல. முகவர்களிடமும் கட்டுமானக்காரர்களிடமும் கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்கள் விளம்பரத்தை மேலே காட்டுகின்றன. நீங்கள் ஒரு மனையைப் பற்றிக் கேட்டு உங்கள் எண்ணைக் கொடுத்தால், அந்த விசாரணை ஒன்றுக்கு மேற்பட்ட முகவர்களுக்குப் போவதும் உண்டு. ஒரு முறை கேட்டதற்கு ஐந்து பேர் கூப்பிடுவதன் காரணம் இதுதான்.

இரண்டாவது, கூகுள் வரைபடத்தில் பெயரைப் பதிவு செய்வது. இது இலவசம். முகவர் அலுவலகத்தின் இடம், நேரம், தொலைபேசி எண், வந்து போனவர்களின் கருத்து எல்லாம் அங்கே தெரியும்.

மூன்றாவது, பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப். இங்கே விளம்பரம் யாருக்குப் போக வேண்டும் என்று ஊரையும் வயதையும் குறித்துப் பணம் கட்ட முடியும். சங்கரன்கோவில் பக்கத்து மனைக்கு விளம்பரம் செய்பவர், அது நம் தெருவில் தெரிந்தால் போதாது, சென்னையில் கடை வைத்திருக்கும் நம்மூர்க்காரர் கண்ணிலும் பட வேண்டும் என்று நினைத்தால் அதற்கும் வழி இருக்கிறது. ஊருக்கு வர முடியாதவர், ஊரில் ஒரு பிடி மண் வேண்டும் என்ற ஆசை உள்ளவர், இடத்தை நேரில் பார்க்க நேரமில்லாதவர். இந்த மூன்றும் சேர்ந்தவரைத்தான் விளம்பரம் தேடிப் போகிறது.

நான்காவது, வாட்ஸ்அப். கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய வழி இதுவே. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியை 256 பேர் வரை உள்ள பட்டியலுக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். வெளியூர் முகவரின் எண்ணை யார் சேமித்து வைத்திருக்கப் போகிறார்கள்? ஆனால் மளிகைக் கடைக்காரர் எண்ணை அந்தத் தெருவே வைத்திருக்கிறது. சாமான் லிஸ்ட் போடுவதற்கும், கடை திறந்திருக்கிறதா என்று கேட்பதற்கும் வீட்டுக்கு வீடு நம் எண் இருக்கிறது. அதனால்தான் முகவர்கள் கடைக்காரரைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நம் பெஞ்சு அல்ல, நம் பட்டியல்.

விளம்பரத்துக்கு என்ன சட்டம்?

மனை விளம்பரத்துக்குக் கட்டுப்பாடே இல்லாத காலம் ஒன்று இருந்தது. நம் பகுதியிலும் சரி, தமிழ்நாடு முழுவதிலும் சரி, புஞ்சை நிலத்தில் கல் ஊன்றி, செம்மண் ரோடு போட்டு, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் இல்லாமலே ஏராளமான மனைகள் விற்கப்பட்டன. வாங்கியவர்களுக்குப் பத்திரம் கிடைத்தது. வீடு கட்ட அனுமதியும் வங்கிக் கடனும் கேட்கும்போதுதான் சங்கடம் தெரிந்தது.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை விதித்தது. அன்றைக்கு எத்தனையோ சிறு வியாபாரிகளின் சேமிப்பு விற்கவும் முடியாமல், அடகு வைக்கவும் முடியாமல் நின்றது. பிறகு 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன்பு ஏற்பட்ட மனைப்பிரிவுகளுக்குக் கட்டணம் செலுத்தி வரன்முறை செய்துகொள்ள வழி பிறந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு புதிதாகக் கல் ஊன்றிய அங்கீகாரமற்ற மனைக்கு இந்த வழி இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே காலத்தில் நாடாளுமன்றம் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 'ரெரா' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2017 மே 1 முதல் இது முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் இதற்கென ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. இந்தச் சட்டத்தில் வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

1. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை போட்டு விற்பவர், ஆணையத்தில் பதிவு செய்யாமல் விற்கவும் கூடாது, முன்பதிவு வாங்கவும் கூடாது, விளம்பரம் செய்யவும் கூடாது. 500 சதுர மீட்டர் என்பது சுமார் 12 சென்ட்தான். ஆகவே ஊரில் நாம் பார்க்கும் "நகர்"கள் அனேகமாக எல்லாமே இதற்குள் வந்துவிடும்.

2. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பிளெக்ஸ் போர்டானாலும் வாட்ஸ்அப் படமானாலும் இதே விதிதான்.

3. விளம்பரத்தில் சொன்னது பொய்யாக இருந்து, அதை நம்பிப் பணம் கொடுத்தவருக்கு நஷ்டம் ஏற்பட்டால், மனை போட்டவர் ஈடு செய்ய வேண்டும். வாங்கியவர் விலகிக்கொள்ள விரும்பினால் பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும்.

4. விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல், மனை விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது.

5. பதிவு செய்யாமல் விற்பவருக்குத் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம்.

ஒருவர் தம் சொந்த வீட்டையோ, முன்பே வாங்கிய ஒற்றை மனையையோ மறுவிற்பனை செய்தால் அதற்கு இந்தப் பதிவு எண் தேவையில்லை. அங்கே பத்திரமும் பட்டாவும்தான் பேச வேண்டும். ஆனால் புதிய மனைப்பிரிவை விளம்பரம் செய்துவிட்டு, "எண் அப்புறம் வரும், இப்போது போட்டால் விலை குறைவு" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சே சட்டத்துக்கு விரோதமானது.

மகாராஷ்டிரத்தில் 2023 ஆகஸ்ட் முதல் கட்டட மனை விளம்பரங்களில் கியூஆர் கோடும் இருக்க வேண்டும் என்று அங்குள்ள ஆணையம் கட்டாயமாக்கியது. நாம் கடையில் பணம் வாங்க மாட்டியிருக்கும் அட்டையைப் போலத்தான். கைப்பேசியைக் காட்டினால் அந்தத் திட்டத்தின் விவரம் திறக்கும். விளம்பரம் இணையத்துக்கு வந்த பிறகு சரிபார்க்கும் வேலையும் இணையத்துக்கு வந்திருக்கிறது. நாம் இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்தினால் நஷ்டம் நமக்குத்தான்.

கமிஷன் வாங்கும் கடைக்காரர் யார்?

"நான் தரகர் இல்லையே, தெரிந்தவருக்காக நாலு பேருக்குச் சொன்னேன், அவர் ஏதோ கொடுத்தார்" என்று நம்மில் சிலர் நினைக்கலாம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. ரெரா சட்டத்தில் முகவர் என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம் மிகவும் விரிந்தது. வாங்குபவரையும் விற்பவரையும் எந்த ஊடகத்தின் வழியாகவேனும் அறிமுகம் செய்து, அதற்குக் கமிஷனோ கட்டணமோ வேறு பெயரில் பணமோ பெறுபவர் எவரும் முகவரே. தரகர், இடைத்தரகர், டீலர் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி. அப்படியானால், கமிஷன் பேசிக்கொண்டு மனைப்பிரிவு விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் மளிகைக் கடைக்காரரும் அந்த விளக்கத்துக்குள் வரக்கூடும்.

பதிவு செய்ய வேண்டிய திட்டங்களின் மனைகளை விற்றுத்தர முகவரும் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாத திட்டத்தின் மனையை அவர் விற்றுத்தரவே கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், அவர் விற்றுக்கொடுத்த மனை மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் சேரலாம். கமிஷன் ஒன்றோ இரண்டோ சதவீதம், அபராதம் ஐந்து சதவீதம் வரை. இந்தக் கணக்கை எந்த வியாபாரியும் பேரேட்டில் எழுத விரும்ப மாட்டார்.

பணக் கணக்கைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. வீட்டுக்கார அம்மா ஒருவர் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, நீங்க அனுப்புன இடத்தை எடுக்கலாமா? என்ன சொல்லுதீக?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அந்த மனை முதலாளியை நம்பிக் கேட்கவில்லை. எடை சரியாகப் போடும் கடைக்காரரை நம்பிக் கேட்கிறார். இடத்தில் வில்லங்கம் என்றால் முதலாளியின் அலுவலகம் எங்கே என்று அவருக்குத் தெரியாது. நம் கடை அவருக்குத் தெரியும். மறுநாள் காலையில் நம் வாசலில்தான் நிற்பார்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. தமிழ்நாடு இதைப் பலமுறை பார்த்திருக்கிறது. 1990களில் செய்தித்தாள் விளம்பரங்களின் பலத்தில் வளர்ந்த தேக்குத் தோட்டத் திட்டங்களை நினைவில் வைத்திருப்போர் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அனுபவ் பிளாண்டேஷன்ஸ் 1998இல் வீழ்ந்தபோது பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு, நிலம் வாங்கித் தருவதாகச் சொல்லி நாடெங்கும் முகவர்கள் மூலம் தவணைப் பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனத்தின் கதை வந்தது. 2014 ஆகஸ்டில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, 49,100 கோடி ரூபாயை முதலீட்டாளர்களுக்குத் திருப்பித் தர அந்த நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. சுமார் 5 கோடியே 85 லட்சம் பேரின் பணம் அது. 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி நீதிபதி லோதா தலைமையில் குழு அமைத்து, நிலங்களை விற்றுப் பணத்தைத் திருப்பித் தரும் வேலையை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. இவ்வளவு பணமும் முகவர்கள் வழியாகத்தான் போனது. தெரிந்தவர் தெரிந்தவரிடம் சொல்லி, அக்கம்பக்கத்தாரிடம் வசூலித்த பணம். நிறுவனம் எங்கோ இருந்தது. பணம் கொடுத்தவர் முகத்தில் விழிக்க வேண்டியவர் முகவர்தான்.

அன்று ரசீதுப் புத்தகம், இன்று கைப்பேசிப் படம். கருவி மாறியிருக்கிறது. இடையில் நிற்கும் ஆளின் பெயர் கெடும் விதம் மாறவில்லை.

வாடிக்கையாளர் எண்கள் நம் சொத்தல்ல

பில் போடும்போதும், வீட்டுக்குச் சாமான் அனுப்பும்போதும், தீபாவளிச் சீட்டுப் போடும்போதும் வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணை வாங்குகிறோம். நாளடைவில் ஆயிரம் இரண்டாயிரம் எண்கள் சேர்ந்துவிடும். இந்தப் பட்டியலைக் கேட்டு மனை முகவர்கள் வந்தால் கொடுக்கக் கூடாது. மளிகைச் சாமானுக்காகக் கொடுத்த எண்ணை மனை விற்க ஒருவரிடம் கொடுப்பது நியாயமல்ல. 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் இதுவே. ஒரு காரியத்துக்காகச் சம்மதம் பெற்று வாங்கிய விவரத்தை வேறு காரியத்துக்குத் திருப்பிவிடக் கூடாது.

நமக்கே மனை விற்பனை அழைப்புகள் தொல்லையாக இருந்தால் 1909 என்ற எண்ணில் பதிவு செய்துகொள்ளலாம். அதில் ரியல் எஸ்டேட் தனிப் பிரிவாகவே இருக்கிறது. எல்லா விளம்பரத்தையும் தடுக்காமல் மனை விளம்பரத்தை மட்டும் தடுத்துக்கொள்ளவும் முடியும்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

விளம்பரத்தைப் பார்த்து வாங்கவே கூடாது என்று சொல்வதற்கில்லை. கடைக்காரருக்கு ஓய்வூதியம் கிடையாது. மகள் கல்யாணத்துக்கும் முதுமைக்கும் மனைதான் துணை என்று நம் முன்னோர் வாங்கி வைத்தார்கள். நாமும் வாங்குகிறோம். ஆனால் ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. அளப்பதற்கு வேண்டிய கருவிகள் இன்று விளம்பரம் வந்த அதே கைப்பேசியில் இருக்கின்றன.

முதலில் சர்வே எண்ணைக் கேளுங்கள். படமும் பாட்டும் அனுப்பும் முகவர் சர்வே எண்ணை அனுப்பத் தயங்கினால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த எண் கிடைத்தால், அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" நிலச் சேவை இணையதளத்தில் பட்டா, அ பதிவேடு, புலப்படம் ஆகியவற்றைப் பார்க்கலாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது, நிலம் புறம்போக்கா என்பது தெரிந்துவிடும்.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அடமானம், முந்தைய விற்பனை, ஒப்பந்தம் எல்லாம் அதில் வரும். இணையத்தில் வராத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்க வேண்டும். மூலப்பத்திரத்தைத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கும் செலவுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

நம்முடையது கோயில் ஊர். சுற்று வட்டாரத்தில் கோயில் நிலங்களும் உண்டு. அரசு நிலம், கோயில் நிலம், வக்ப் நிலம் ஆகியவற்றை உரிய அனுமதியின்றிப் பதிவு செய்யக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தமான 22-அ பிரிவு தடுக்கிறது. அங்கீகாரமில்லாத மனையையும் அதே பிரிவு தடுக்கிறது. ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் இதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

புதிய மனைப்பிரிவானால் ரெரா பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் அங்கே இருக்கும். விளம்பரத்தில் பூங்கா என்று காட்டிய இடம் வரைபடத்திலும் பூங்காதானா, சாலை எத்தனை அடி என்பதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். "பஸ் நிலையத்துக்கு ஐந்து நிமிடம்" என்பது எந்த வாகனத்தில் என்று விளம்பரம் சொல்லாது. கூகுள் வரைபடத்தில் தூரத்தைப் பார்த்தால் தெரியும். எல்லாம் சரியாக இருந்தாலும், மழை பெய்த மறுநாள் ஒரு முறை நேரில் போய் நின்று பார்க்க வேண்டும். பறந்து எடுத்த படத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளம் தெரியாது.

அடுத்து விலைக் கணக்கு. விளம்பரத்தில் சதுர அடி 600 ரூபாய் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,200 சதுர அடி, அதாவது இரண்டே முக்கால் சென்ட், 7,20,000 ரூபாய் ஆகிறது. விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். அது 64,800 ரூபாய். அரசு வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமாக இருந்தால் அந்த மதிப்புக்குக் கட்ட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. வீட்டம்மா பெயரில் பதிந்தால் இந்தக் கணக்கில் 7,200 ரூபாய் மிச்சம்.

பணம் கொடுக்கும் முறையிலும் எச்சரிக்கை வேண்டும். கல்லாவில் ரொக்கம் புழங்குவதால் அட்வான்ஸையும் ரொக்கமாகக் கொடுத்துவிடுவது நம் வழக்கம். 2015 ஜூன் முதல், நிலம் வீடு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம். ஆகவே காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான் நல்லது. கொடுத்ததற்கு நமக்கும் சாட்சி இருக்கும்.

கடைசியாக ஒரு வியாபாரக் கணக்கு. கடையில் 7 லட்சம் ரூபாய்ச் சரக்கு மாதம் ஒரு முறை விற்றுத் திரும்பி, செலவு போக நூற்றுக்கு 3 ரூபாய் நின்றால், ஆண்டுக்கு 2,52,000 ரூபாய். அந்த முதலை எடுத்து மனையில் போட்டால், மனை விலை அதற்குமேல் ஏறினால்தான் லாபம். ஆகவே கடை முதலில் கைவைத்து மனை வாங்கக் கூடாது. கடை சம்பாதித்துக் கொடுத்த மிச்சத்தில்தான் வாங்க வேண்டும். சரக்கு இல்லாத அலமாரியைக் காட்டி எந்த மனையும் கடனைத் தீர்க்காது.

முகவரிடம் கற்க வேண்டியது

நல்ல மனை முகவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இணையத்தில் தொழில் செய்யும் விதத்தைப் பார்த்தால் மளிகைக் கடைக்கும் பாடம் இருக்கிறது.

அவர்கள் சொந்தப் பெயரையும் அலுவலக முகவரியையும் பதிவு எண்ணையும் மறைக்காமல் போடுகிறார்கள். நாமும் கூகுள் வரைபடத்தில் கடைப் பெயர், நேரம், விடுமுறை நாள், தொலைபேசி எண் ஆகியவற்றைச் சரியாகப் போட்டு வைக்கலாம். ஆடித்தபசு சமயத்தில் வெளியூர்க் கூட்டம் ஊர் நிறையும்போது, கைப்பேசியில் தேடுபவருக்கு எந்தக் கடை தெரிகிறதோ அந்தக் கடைக்குத்தான் முதலில் போவார்.

அவர்கள் விற்றுப்போன மனையை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள். நாமும் போன மாதத்து விலைப்பட்டியலை வாட்ஸ்அப்பில் விட்டு வைக்கக் கூடாது. எண்ணெய் விலை ஒன்று சொல்லி, கடைக்கு வந்தால் வேறொன்று சொன்னால் வாடிக்கையாளர் மனம் சுளிப்பார்.

அவர்கள் கேட்டவருக்கு உடனே பதில் சொல்கிறார்கள். யார் என்ன கேட்டார், மறுபடி எப்போது பேச வேண்டும் என்று குறித்து வைக்கிறார்கள். நம் தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்திவரும் ஜோஹோ நிறுவனம் செய்யும் மென்பொருள்களில் முக்கியமான ஒன்று இந்த வேலைக்கானதே. நமக்கு மென்பொருள் வேண்டியதில்லை, ஒரு நோட்டுப் போதும். ஆனால் குறித்து வைக்கும் பழக்கம் வேண்டும். 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் சரக்குப் படம், விலை, கடை நேரம் எல்லாம் இலவசமாகப் போட்டு வைக்க வசதி இருக்கிறது. அதில் நம் சரக்கைப் போடலாமே, அடுத்தவர் மனையை ஏன் போட வேண்டும்?

சங்கம் செய்யக் கூடியது

ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியே சட்டம் படித்துக்கொண்டிருக்க முடியாது. எனவே சங்க உறுப்பினர்கள் மூன்று காரியத்தை வழக்கமாக்கிக்கொள்ளலாம். பதிவு எண் இல்லாத மனைப்பிரிவின் போர்டையோ நோட்டீஸையோ கடை முகப்பில் மாட்டுவதில்லை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் மனை விளம்பரம் போடுவதில்லை. வாடிக்கையாளர் எண்களை யாருக்கும் கொடுப்பதில்லை. கமிஷன் தொழிலையும் செய்ய விரும்பும் உறுப்பினர் முறைப்படி பதிவு செய்துகொண்டு, தம் பெயரில் தனியாகச் செய்யட்டும். அந்த வருமானமும் கணக்கில் வர வேண்டும் என்பதைத் தம் ஆடிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

விளம்பரம் ஆளைக் கூட்டிவரும். பத்திரம் வியாபாரத்தை முடித்துவைக்கும். ஆனால் ஊரில் ஒருவர் நம்மை நம்பி, "நீங்க சொன்னாச் சரிதான் அண்ணாச்சி" என்று சொல்வதற்கு விளம்பரமும் பத்திரமும் உதவாது. அது தினமும் தராசில் நிறுத்துக் கொடுத்துச் சேர்ந்தது. அடுத்த முறை கைப்பேசியில் ஒரு மனைப் படம் வந்து, அதை அனுப்புவதற்கு விரல் போகும்போது, இந்த இடத்தை நம் சொந்தப் பணத்தில், நம் பிள்ளை பெயரில் வாங்குவோமா என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்ப்போம். வாங்க மாட்டோம் என்றால் அனுப்பவும் வேண்டாம்.